பெரிய மேட்டுக்கு ஏற்ற டயர்

மார்ச் 11

பிபி 148/94.

தினமும் காலையில் பார்த்து எழுதி வைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். டயர் கம்பெனிக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி கடையில் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன். நம்பரை மட்டும் எழுதினால் பக்கம் வெறிச்சென்று இருக்கிறது. அன்றன்று நடப்பதையும் கொஞ்சம் எழுதலாம் என்று இருக்கிறேன்.

இன்றைக்குக் கூடியதற்குக் காரணம் நேற்றுச் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு. வேறு காரணம் இல்லை.

நேற்று பட்டுராஜ் வெளிநாட்டிலிருந்து ஒரேயடியாக வந்து சேர்ந்தான். என் சகலை. என் மனைவி சுயம்புக்கனியின் தங்கை ஜெயசுந்தரியைக் கட்டியவன். துபாய்ப் பக்கம் பாலைவனத்தில், சுற்றுலா வருகிறவர்களை மணல்மேட்டில் நாலு சக்கர பைக் ஓட்ட விடும் முகாமில் இத்தனை வருஷமும் வேலை. அந்த பைக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நின்று அவன் அனுப்பிய போட்டோக்கள் மாமா வீட்டு ஷோகேஸ் முழுக்க இருக்கின்றன. என் கல்யாண போட்டோ டிவிக்குப் பின்னால் போய்விட்டது.

பிபி மெஷினே அவன் வாங்கி வந்ததுதான். "அண்ணாச்சிக்குன்னே பாத்து வாங்குனேன்" என்றான். சுயம்பு என் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டு, "தம்பி எம்புட்டு யோசிச்சு வாங்கியிருக்காவ பாத்தியளா" என்றாள். போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த மிக்ஸியைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது.

மெஷின் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 15

152/96. அப்பளம்.

நெல்லிவிளையில் மாமா வீட்டில் விருந்து. மாமா என்றால் மாமனார், சிவனணைந்த பெருமாள். ஊர் முழுக்கச் செம்மணல் தேரி. அதில் பெரிய மேடு உட்பட ஒரு பங்கு மாமாவின் பட்டா நிலம். முந்திரி வைத்தார், கருகியது. சவுக்கு வைத்தார், காற்று மணலோடு சேர்த்து மூடிவிட்டது. இப்போது அதே மணலில் பைக் விடப் போகிறார். திருச்செந்தூருக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் அப்படியே தேரிக்கும் வருவார்களாம், ஏறி ஓட்டுவார்களாம். ஏடிவி என்று பெயர். குட்டி டிராக்டரும் பைக்கும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி இருக்கிறது. பழைய வண்டி மூன்று வாங்கி முற்றத்தில் நிறுத்தியாயிற்று. யோசனை யாருடையது என்று நான் எழுத வேண்டியதில்லை.

இலை போட்டார்கள். இத்தனை வருஷமாக மாமாவுக்கு வலது பக்கம் என் இலை. இன்று போய்ப் பார்த்தால் அங்கே பட்டுராஜ். அவன் என்னைக் கண்டதும் எழுந்தான். "நீங்க இருங்க மாப்ள, அவரு என்ன வேத்தாளா, இங்கன இருந்துக்கிடுவாரு" என்று மாமா அவனை அமுக்கி உட்கார வைத்தார். கோழித் தொடை அவன் இலைக்குப் போனது. எனக்குக் கழுத்து.

கை கழுவும்போது மாமா சொன்னார்: "மே ஒண்ணாந்தேதி திறப்பு. ரெண்டு மாப்ளையளும் சேந்து வேலையப் பாருங்க. பொறவு யாரு பொறுப்புல விடுததுன்னு அன்னைக்கே சொல்லிப்புடுதேன்."

நான் சாத்தான்குளத்தில் டயர் கடை வைத்திருப்பவன். நாலு சக்கரத்தைப் பற்றி என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பார்கள்? அதோடு அந்த வீட்டில் எது புதிதாக வந்தாலும் மூத்த மாப்பிள்ளைதான் முதலில் கை வைப்பது முறை. கிணற்றுக்கு மோட்டார் இறக்கியபோது சுவிட்சைப் போட்டவன் நான். டிராக்டர் வாங்கியபோது எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி முதல் சுற்று ஓட்டியவனும் நான். பொறுப்பு எனக்குத்தான் வரும். வர வேண்டும்.

மார்ச் 22

எழுத மனம் இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

வண்டியை மணலில் விட்டுப் பார்த்தோம். நான் என் கடையிலிருந்து கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் கொண்டுபோய்ப் பின்சக்கரத்தில் மாட்டி, காற்றையும் கல் மாதிரி நிரப்பியிருந்தேன். சேற்று வயலில் டிராக்டர் டயருக்குப் பிடிப்பு எதனால் வருகிறது? பல்லினால். அதே கணக்கு. ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன். வண்டி முன்னால் போகவில்லை, கீழே போனது. கொடுக்கக் கொடுக்க டயர் தனக்குத் தானே குழி தோண்டி அதில் வசதியாக உட்கார்ந்துகொண்டது. பார்க்க வந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். சுயம்பு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டாலும் தெரியாதா.

பட்டுராஜ் வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். ஒரு குச்சியை ஒடித்து வால்வில் அழுத்தி, நாலு டயரிலும் பாதிக்கு மேல் காற்றை இறக்கினான். டயர் தொப்பை வைத்துத் தளர்ந்தது. இப்போது ஏறி ஓட்டினால் வண்டி மணலுக்கு மேல் மிதந்து போகிறது. மாமா கை தட்டினார்.

"அங்க எல்லாரும் இப்படித்தான் செய்வாவ அண்ணாச்சி. பாத்திருக்கேன்" என்றான் என்னிடம், மெதுவாக. அடக்கமாகப் பேசுகிறானாம்.

சாயங்காலம் அவனே கோழி சுட்டான். கரி அடுக்கிய விதமும், மசாலா தடவிய கையும், முப்பது பேருக்கும் ஒரே பதத்தில் எடுத்த லாகவமும் பார்த்து மாமியார் வாயைப் பிளந்துவிட்டார். வண்டியில் உட்கார்ந்தபோது மட்டும் கைப்பிடியைப் புதுச் செருப்புப் போட்டவன் மாதிரி பிடித்தான். அதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 23

158/98. ஊறுகாய்.

மார்ச் 29

ஒரு வாரமாகக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படிக்கிறேன். கோயம்புத்தூரில் இந்த வண்டிக்கே டயர் விற்கும் ஒருவரோடு போனில் பேசினேன். யூடியூபில் வெள்ளைக்காரன் பேசுவது பாதி புரிகிறது, மீதியைப் படம் சொல்லிவிடுகிறது. சுயம்பு கடைக்கு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். எதையோ பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்திருக்கலாம்.

விஷயம் இதுதான். மணலுக்குப் பின்னால் பேடில் டயர் வேண்டும். பல்லே கிடையாது, டயரைச் சுற்றிக் குறுக்கே அகப்பை அகப்பையாக ரப்பர் வரம்பு. அது மணலை அள்ளிப் பின்னால் தள்ளும், வண்டி முன்னால் போகும். முன்சக்கரத்துக்கு வழவழப்பான டயர், நட்டநடுவில் சுற்றிலும் ஒரே ஒரு வரம்பு. அது மணலைக் கீறிக்கொண்டு திரும்பும். ரிம் சின்னதாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் உயரமாகக் கிடைக்கும். காற்றைக் குறைத்தால் நன்றாகப் பரந்து உட்காரும்.

இதற்கு மேல்தான் சூட்சுமம். டயர் உயரமாக உயரமாக, அகப்பை கூடக்கூட, அதைச் சுழற்ற எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும். பெரிய எஞ்சினுக்கு இருபத்தைந்து அங்குல உயரமும் பத்து அகப்பையும் போடலாம். மாமா வாங்கியிருப்பது இருநூறு சிசி. அதற்கு இருபது அங்குலம், ஒன்பது அங்குல ரிம், ஆறு அகப்பை போதும். மிஞ்சினால் எட்டு. மேலே போனால் அரை டிரவுசர் போட்ட பையன் அப்பா சைக்கிளை மேட்டில் மிதித்த கதைதான்.

இதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன்.

ஏப்ரல் 3

சொல்லவில்லை. அதற்குள் அவனே கடைக்கு வந்துவிட்டான்.

தனியாக வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். சும்மா பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து ஒரு படம் காட்டினான். அவன் முகாமில் நின்ற வண்டி, யானைக்குட்டி மாதிரி. பின்னால் பத்து அகப்பை டயர்.

"மாமா இதையே போட்டுருவோம்னு சொல்லுதாவ அண்ணாச்சி. நம்ம வண்டிக்கு இது சரியா வருமா? நீங்கதான் சொல்லணும்."

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. பாலைவனத்தையே கரைத்துக் குடித்தவன் என்னிடம் கேட்கிறானாம். அன்றைக்கு நான் குழிக்குள் உட்கார்ந்ததை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கேட்டிருக்க வேண்டும்.

"இத்தன வருஷம் மணல்லயே கெடந்தவிய, உங்களுக்குத் தெரியாததா தம்பி? நான் ரோட்டு டயர் விக்கிறவன்" என்றேன்.

அவன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது லாரிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். "சரி அண்ணாச்சி, வாறேன்" என்று போய்விட்டான். டீ அப்படியே இருந்தது.

ஏப்ரல் 4

பின்சக்கரத்துக்கு இருபத்தைந்து அங்குலம், பத்து அகப்பை, மூன்று வண்டிக்கும். மாமா போனில் ஆர்டர் சொன்னார். என் கடை மூலமாகத்தான் வரவழைக்க வேண்டுமாம். "சின்ன மாப்ள படத்துல காட்டுன அதே டயரு" என்றார்.

"சரி மாமா" என்றேன்.

ஏப்ரல் 14

154/98. கருவாட்டை இந்த வீட்டில் இனிமேல் ஏற்றுவதில்லை என்று சுயம்பு சொல்லிவிட்டாள்.

சித்திரை ஒன்று. நல்ல நாள் என்று டயரை இன்றைக்கே மாட்டினோம். நான்தான் மாட்டினேன், ஒழுங்காகத்தான் மாட்டினேன். அகப்பை எந்தத் திசையில் அள்ள வேண்டுமோ அந்தத் திசையில், அம்புக்குறி பார்த்து. என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சமதரையில் வண்டி பறந்தது. பின்னால் செம்மணல் மயில் தோகை மாதிரி எழும்பி விழுந்தது. மாமா பட்டுராஜின் தோளைத் தட்டித் தட்டி அவன் சட்டையில் மணல் அச்சு விழுந்துவிட்டது. "கண்ணு பாத்து எடுத்திருக்காவ தம்பி" என்றாள் சுயம்பு. நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பெரிய மேட்டில் ஏற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் சுயம்பு சொன்னாள்: "பெரிய மேட்டு உச்சியில நின்னா கடல் தெரியுமாம். இங்கயே பொறந்து வளந்து நான் பாத்ததில்ல. பொம்பளப் புள்ளய ஏறக் கூடாதுன்னு அப்பா விட்டதே இல்ல. திறப்பன்னைக்கு உங்க பின்னால ஏறி ஒருக்கா மேல போயிரணும்."

அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. "பாப்போம்" என்றேன்.

ஏப்ரல் 19

விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் தேரிக்குப் போய் ஒரு வண்டியை எடுத்துப் பெரிய மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். நான் ஒரு ஆள்தான். முக்கால் தூரம் வரை முனகிக்கொண்டு போனது. பிறகு சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் கருகும் நாற்றம். எஞ்சின் அலறுகிறது, சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது. நின்ற இடத்திலிருந்து பின்னால் வழுக்க ஆரம்பித்தது. ஒரு பக்கமாக ஒடித்துக் குதித்துவிட்டேன். வண்டி ஒரு தடவை புரண்டு நின்றது.

பின்னால் இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தால் ஒடித்திருக்க முடியாது. நேராகப் பின்பக்கம் மல்லாந்து ஆள் மேலேயே விழும்.

வளைந்த கைப்பிடியை நிமிர்த்திவிட்டேன். பெல்ட்டை மாற்றிவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு எப்படி என்று சுயம்பு கேட்டாள். கடை ஷட்டர் என்றேன்.

ஏப்ரல் 25

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தது. இருபது அங்குலம், ஆறு அகப்பை, ஒன்பது ரிம். ஒரு ஜோடி. ரிம்மில் ஏற்றி, காற்றும் அளவாக வைத்து, குடோனில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் யார் டயரையும் கெடுக்கவில்லை. கேட்ட டயரைக் கொடுத்தேன், சரியாக மாட்டினேன். திறப்பு விழா அன்றைக்கு ஊர் கூடி நிற்கும்போது அவன் பெரிய மேட்டில் ஏறுவான், பாதியில் நிற்பான். பின்னால் ஆள் ஏறாமல் நான் பார்த்துக்கொள்வேன், அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அப்போது நான் நிதானமாகப் போய், "ஒரு நிமிஷம் இருங்க" என்று இந்தச் சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டி, ஒரே மூச்சில் உச்சிக்கு ஏற்றிக் காட்டுவேன். மாமாவின் முகத்தை நினைத்துப் பார்த்தால் இப்போதே இனிக்கிறது.

ஏப்ரல் 27

திறப்பு விழா பற்றிப் பேச மாமா எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். முதல் ஓட்டம் யார் என்று பேச்சு வந்தது. மாமா என்னைப் பார்த்தார்.

"தம்பியே ஓட்டட்டும் மாமா. அவிய கொண்டாந்த யோசனை, அவிய எடுத்த டயரு. தனியா ஒரு ஓட்டம் போயிட்டு வரட்டும், அதான் மரியாத. எனக்கு இதுல ஒரு குறையும் இல்ல" என்றேன்.

மாமியார் கண்ணைத் துடைத்தார். "மூத்த மாப்ளைக்கு மனசு பெருசு" என்றார் மாமா. சுயம்பு என்னை அப்படிப் பார்த்தது கல்யாணமான புதிதில்தான், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். பட்டுராஜுக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. "வேண்டாம் அண்ணாச்சி, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஏப்ரல் 28

126/82. இந்த வருஷத்திலேயே குறைவு.

மே 1

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பந்தல், மைக்செட், நல்ல கூட்டம். வண்டிக்கு மாலை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. மாமா மைக்கைப் பிடித்தார்.

"முதல் ஓட்டத்துக்குச் சின்ன மாப்ளைன்னு சொல்லியிருந்தோம். நேத்து அவரு என் காலப் புடிச்சுக்கிட்டாரு. அண்ணாச்சி இருக்க நான் ஏற மாட்டேன்னுட்டாரு. எனக்கும் அதான் சரின்னு படுது. முறைன்னா முறைதான். மூத்த மாப்ள வாங்க, ஏறுங்க!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆளாளுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளிக் கொண்டுபோய் வண்டியில் உட்கார வைத்தார்கள். நான் ஏறின கையோடு சுயம்புவும் பின்னால் ஏறிவிட்டாள். பட்டுச்சேலை, அதற்குக் கீழே மகனுடைய பள்ளிக்கூட ஷூ. என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். இத்தனை பேர் முன்னால் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

நான் உடனே சொல்லிவிட்டேன்.

வீடியோக்காரர் இந்தப் பக்கம் எடுத்துவிட்டு அந்தப் பக்கம் வந்தார். மாமியார் ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தார். சாவியைத் திருப்பினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. மேட்டை நோக்கிக் கொஞ்ச தூரம் போனேன். ஏற்றம் ஆரம்பிக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

மைக்கும் கையுமாக மாமாவும் பின்னால் கூட்டமும் வந்து சேர்ந்ததும், "இந்த டயரு ஏறாது" என்றேன்.

"என்னது?"

"இந்த எஞ்சினுக்கு இது பெருசு மாமா. பாதியில நின்னு பின்னால மல்லாந்துரும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு மாப்ள இது? அன்னைக்கு உங்க டயரு குழியில எறங்குனது இன்னும் மனசுல கெடக்கோ?"

ஒருவரும் நம்பவில்லை. இரண்டு மாதமாக என் முகம் எப்படி இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

சுயம்பு என் காதருகே குனிந்தாள். "பயமா இருந்தா எறங்கிக்கிடுங்க. நான் தம்பி பின்னால போறேன்."

பட்டுராஜ் பக்கத்தில் வந்து நின்றான். மாமா சொல்லிவிட்டால் அவன் ஏறிவிடுவான். உதடு வறண்டு போயிருந்தது, ஆனாலும் ஏறிவிடுவான். அவள் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் சேர்ந்து மேலே போவார்கள், பெல்ட் கருகும்.

"எனக்குத் தெரியும்" என்று கத்திவிட்டேன். "போன மாசமே நான் ஏத்திப் பாத்துட்டேன். உருண்டு விழுந்தேன். சரியான டயரு என் குடோன்ல கெடக்கு, ரிம்மோட. தம்பி ஏறிப் பாதியில நிக்கட்டும்னு சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கேன்."

மைக் என் பக்கம்தான் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

சுயம்புவின் கை என் இடுப்பிலிருந்து எடுபட்டது. இறங்கி நின்றாள். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. "போயி எடுத்துட்டு வாங்க" என்றார், வேலைக்காரரிடம் சொல்வது போல.

பட்டுராஜ் நான் கூப்பிடாமலே லோடு ஆட்டோவில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். பாதி வழியில் பேசினான்.

"அண்ணாச்சி, நான் அங்க சமையல்காரன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

"முகாம்ல ராத்திரி சாப்பாடு என் பொறுப்பு. வண்டியள தூரத்துல பாத்ததுதான். ஓட்டுனது மொத்தமா நாலு தடவ இருக்கும். பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டுல 'வண்டி முகாம்ல வேல'ன்னு சொல்லிட்டாவ, மாமா மெக்கானிக்குனு நெனச்சுட்டாவ. அப்படியே போயிருச்சு. அன்னைக்கு உங்க கடைக்கு அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க எனக்குத் தெரியாததான்னு கேட்டிய. பொறவு வாய் வரல."

வெளியே பனைமரங்கள் காற்றில் சலசலத்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, உண்மையை எழுதுவதாக இருந்தால், ஒரு குளிர்ச்சியும் இருந்தது. இவனா? இந்தச் சமையல்காரனைப் பார்த்தா நான் இத்தனை நாள் வயிறெரிந்தேன்?

"யார்கிட்டயும் சொல்லிராதிய அண்ணாச்சி" என்றான்.

சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டினேன். கூட்டம் பாதி கலைந்திருந்தது. யார் ஏறுவது என்று யாரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. சுயம்பு வந்து சாவியை என் கையிலிருந்து எடுத்தாள். "ஏட்டி, வா" என்று தங்கையைக் கூப்பிட்டாள். ஸ்கூட்டர் ஓட்டுகிறவள்தானே, ஒரு தடவை முறுக்கிப் பார்த்துக்கொண்டாள். அக்காவும் தங்கையும் ஏறி, ஆறு அகப்பையும் மணலை வாரி எங்கள் மேல் இறைக்க, ஒரே ஏற்றமாக உச்சிக்குப் போய் மறைந்துவிட்டார்கள்.

ரொம்ப நேரம் மேலேயே இருந்தார்கள். நானும் பட்டுராஜும் கீழே மணலைத் தட்டிக்கொண்டு நின்றோம்.

சாயங்காலம் மாமா அறிவித்தார். பொறுப்பு சின்ன மாப்பிள்ளைக்கு.

மே 2

நானே பட்டையைச் சுற்றிக்கொண்டேன். ஒரு கையால் சரியாக வரவில்லை. மெஷின் பிழை காட்டுகிறது.

மே 4

சோறு வைக்கிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான்.

மாமாவுக்குப் போன் போட எண்ணை எடுத்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'உங்கள் சின்ன மாப்பிள்ளை அங்கே கோழி சுட்டவர்.' பொறுப்பு நாளைக்கே கை மாறும். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு லாரி டயர் வந்தது, போனை வைத்துவிட்டு அதைப் பார்க்கப் போனேன்.

மே 6

மற்ற இரண்டு வண்டிக்கும் இருபது அங்குல டயர் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். பட்டுராஜ் காற்று வைக்கக் கற்றுக்கொள்கிறான். அளவுமானியைத் தலைகீழாகப் பிடித்தான். மாமா வரும் சத்தம் கேட்டது. "தம்பி சரியாத்தான் வச்சிருக்காவ" என்று சொல்லிக்கொண்டே அவன் கையில் அதைத் திருப்பி வைத்தேன்.

மாமா என்னிடம் பேசவில்லை. போகும்போது மட்டும், "சாப்புட்டுட்டுப் போறது" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் சாப்பிடவில்லை.

மே 9

காலையில் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சுயம்பு அடுப்படியிலிருந்து வந்து கையைத் துடைத்துவிட்டு, பட்டையை வாங்கி ஒழுங்காகச் சுற்றினாள். பொத்தானை அமுக்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"மேல இருந்து கடல் தெரிஞ்சுது" என்றாள். "நீலமா இல்ல. வெள்ளையா ஒரு கோடு மாதிரி."

"அப்படியா" என்றேன்.

"உங்ககூட பாக்கணும்னு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் பின்னால ஏறி உக்காந்தேன்லா. பொறவு அம்மா ஆரத்தி எடுத்தாவ. வீடியோக்காரரு ரெண்டு பக்கமும் எடுத்தாரு. நீங்க சாவியப் போட்டு மேட்டு அடி வர ஓட்டுனிய. அம்புட்டு நேரமும் உங்களுக்குத் தெரியும்தான?"

நான் பட்டையின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினேன். அவள் காத்திருந்தாள். பிறகு பொத்தானை அமுக்கினாள். பட்டை இறுகியது. மெஷின் உறுமி முடியும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நம்பரைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

மே 17

நெல்லிவிளைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். வண்டி மூன்றும் பெரிய மேட்டில் ஏறி இறங்கியபடி இருந்தன. பட்டுராஜ் மேட்டடியில் கோழி சுட ஆரம்பித்திருக்கிறான். வண்டி ஓட்ட வந்தவர்களைவிடச் சாப்பிட வந்தவர்கள் அதிகம். "ஓட்டவும் தெரியுது, சமைக்கவும் தெரியுது. இப்படி ஒரு மாப்ள யாருக்கு அமையும்" என்று மாமா யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம் என் காதுபடச் சொன்னார். பட்டுராஜ் என்னைப் பார்த்தான்.

"ஆமா மாமா" என்றேன்.

சுயம்பு பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தொடைத் துண்டு ஒன்றைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டு, "தம்பி கைப்பக்குவமே தனி" என்றாள்.

மே 18

156/98.

கருவாடு சாப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது. ஊறுகாயும் இல்லை, அப்பளமும் இல்லை.